அடுத்த செயலாளர் எங்கிருந்து வருவார்? ஊர்ச் சங்கங்களில் புதியவர்களைப் பொறுப்புக்குத் தயார்ப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலர் பிரிவுகள், அவற்றுக்குள் 435 கிராம அலுவலர் பிரிவுகள். எந்தப் பிரிவுக்குள் போனாலும் சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம், முன்பள்ளி முகாமைக்குழு என்று பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. பல பலகைகளுக்குப் பின்னால் இருப்பது அதே நாலைந்து பேர்.

அந்த நாலைந்து பேரும், அவர்களுக்குப் பின்னால் வர நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னுள்ளவற்றைச் சுட்டுவதால் இலக்கம் போட்டிருக்கிறோம்.

1. "வளர்ந்து வாற தலைவர்" எண்டு ஆரைச் சொல்லுறியள்? பெடி பெட்டையளை மட்டுமோ?

வயது இங்கே கணக்கில்லை. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் 19 வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம். பிள்ளைகள் வளர்ந்து இப்போதுதான் பின்னேரம் கைக்கு வந்திருக்கும் 45 வயதுத் தாயாகவும் இருக்கலாம். சங்கத்தில் இன்னும் கையொப்பம் வைக்கும் பதவிக்கு வராதவர், ஆனால் ஏற்ற வேலையைச் சொன்ன நாளில் முடிப்பவர். இந்தப் பக்கத்தில் அவரைத்தான் சொல்கிறோம்.

பெரும்பாலான சங்கங்கள் மேடையில் நன்றாகப் பேசுகிறவரைப் பிடித்துவிடுகின்றன. அவருக்கு ஒலிவாங்கி போதும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: மண்டபத்துத் திறப்பை எல்லோரும் யாரிடம் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்? விழா முடிந்த இரவு வாடகைக் கதிரைகளை எண்ணி ஏற்றிவிடுவது யார்?

2. எங்கட சங்கத்துக்கு இளம் ஆக்கள் வாறதே இல்லை. ஆளை எங்க பிடிக்கிறது?

பொதுக்கூட்டத்தில் "இளைஞர்கள் முன்வர வேண்டும்" என்று அறிவித்தால் யாரும் வரமாட்டார்கள். ஏற்கனவே வேறிடத்தில் வேலை செய்துகொண்டிருப்பவரைத் தேடிப் போங்கள். விளையாட்டுக் கழகத்தில் புள்ளிப் புத்தகம் எழுதுகிறவர், கோயில் அன்னதானத்துக்கு அரிசி மரக்கறிக் கணக்கு வைக்கிறவர், மரண உதவிச் சங்கத்துக்கு வீடு வீடாகச் சந்தா சேர்க்கிறவர், முன்பள்ளி ஆசிரியை. இவர்களில் ஒருவரிடம் போய், ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "சங்கத்துக்கு வாரும்" என்றால் பதில் வராது. "அடுத்த மாதம் சிரமதானத்துக்கு ஆள் கணக்கும் கருவிக் கணக்கும் நீர் பார்ப்பீரோ?" என்றால் ஓம் அல்லது இல்லை என்ற பதில் கிடைக்கும்.

கூட்ட நேரத்தையும் பாருங்கள். ஞாயிறு காலை பத்து மணி என்றால் படிக்கும் பிள்ளைகளும் படிப்பிக்கும் பிள்ளைகளும் ரியூசனில் நிற்பார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எதையும் தொடங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்ந்த பகுதிகளில் கூட்டம் கூடாது. வலிகாமத்தில் வெங்காயம் நடும், கிண்டியெடுக்கும் நாட்களில் பெண்கள் பொழுதுபட்ட பிறகும் தோட்டத்தில் நிற்பார்கள். நெடுந்தீவிலிருந்து வர வேண்டியவருக்குக் கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைவிடக் குறிகட்டுவானிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதுதான் முக்கியம்.

3. நல்ல பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினால் காணாதோ?

காணாது. இரண்டு நாள் பட்டறையில் காசேடு எழுதும் முறையைப் படிக்கலாம், திட்ட முன்மொழிவு எழுதும் ஒழுங்கைப் படிக்கலாம். எதிர்த்துப் பேசும் பெரியவர் முன்னால் ஒரு முடிவைச் சொல்லிவிட்டு அதில் நிற்பதைப் பட்டறையில் படிக்க முடியாது. ஆள் சான்றிதழோடு திரும்பி வருகிறார், சங்கத்தில் பழையபடி தேத்தண்ணி பரிமாறுகிறார். ஆறு மாதத்தில் படித்ததும் மறந்துபோகும்.

அனுப்புவதென்றால் இரண்டு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். படிக்கப்போகும் விடயத்தை 30 நாளுக்குள் பயன்படுத்த வேண்டிய வேலை கையில் உள்ளவரை மட்டும் அனுப்புங்கள். ஒருவராக அனுப்பாமல் இருவராக அனுப்புங்கள். தனியே போனவர் திரும்பி வந்து "இப்படிச் செய்யலாம்" என்றால் சபையில் அவர் பக்கம் பேச ஆள் இருக்காது.

4. அப்ப முதல் வேலையா எதைக் குடுக்கிறது?

நாலு விடயம் பொருந்த வேண்டும். ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குள் முடிவது. அதற்கென்று சிறிய தொகை ஒதுக்கப்பட்டிருப்பது. குறைந்தது ஒரு முடிவையாவது அவரே எடுக்கக்கூடியது. பிழைத்தாலும் சங்கம் கவிழாதது. மாரிக்கு முன் டெங்குச் சிரமதானம், வாசிகசாலையைப் பின்னேரமும் திறந்து வைக்கும் ஒழுங்கு, முன்பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு விழா போன்றவை நன்றாகப் பொருந்தும். பனர் கட்டுவது, மைக் செற் ஒழுங்கு பண்ணுவது, அழைப்பிதழ் கொடுப்பது எல்லாம் உதவி வேலை. பத்து வருடம் பனர் கட்டினாலும் ஒருவர் செயலாளர் ஆகமாட்டார்.

வேலையை வாயால் கொடுக்காதீர்கள். அரைப் பக்கத் தாளில் ஐந்து வரி போதும்: என்ன முடிந்திருக்க வேண்டும், எந்தத் திகதிக்குள், எவ்வளவு காசு, எதை யாரையும் கேட்காமல் முடிவு செய்யலாம், எதற்கு யாரைக் கேட்க வேண்டும். நாலாவது வரிதான் எப்போதும் விடுபடும். அது இல்லாவிட்டால் புதியவர் ஒவ்வொன்றுக்கும் தலைவருக்குப் போன் எடுப்பார், தலைவர் "இதை நானே செய்திருக்கலாம்" என்று அலுப்பார், மூன்றாம் கிழமையில் வேலை தலைவரின் கைக்கே திரும்பிவிடும். தாளில் இருவரும் கையொப்பமிட்டு ஒரு பிரதியைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் ஒட்டுங்கள்.

5. காசை அனுபவமில்லாத ஆளிட்டக் குடுக்கலாமோ? கணக்குப் பிழைச்சால் ஆர் பொறுப்பு?

கொடுக்காவிட்டால்தான் பிழைக்கும். காசைத் தொடாமல் ஐந்து வருடம் இருந்தவரை ஒருநாள் திடீரென்று பொருளாளர் ஆக்கும் சங்கங்களில்தான் பெரிய ஓட்டை விழுகிறது. தொடங்குவதற்குச் சில்லறைக் காசு முறை நல்லது. பாடசாலையில் வர்த்தகம் படித்தவர்களுக்கு இது சில்லறைக் காசேடு என்று தெரியும். படிக்காதவருக்கு ஒரு பின்னேரத்தில் விளக்கலாம்.

முறை இதுதான். 15,000 ரூபாவைக் கையில் கொடுக்கிறீர்கள். செலவு செய்யும்போதெல்லாம் வவுச்சர் எழுதி, கடைப் பற்றுச்சீட்டை அதன் பின்னால் குத்தி வைக்கிறார். மாத முடிவில் வவுச்சர்கள் 11,350 ரூபா என்றால் பெட்டிக்குள் 3,650 ரூபா இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் எந்த நாளிலும், எந்த நேரத்திலும் 15,000 வர வேண்டும். சரியாக இருந்தால் செலவான 11,350 ரூபாவை மட்டும் திருப்பிக் கொடுத்துப் பெட்டியை மீண்டும் 15,000 ஆக்குகிறீர்கள். மாதத்தில் ஒருமுறை சொல்லாமல் போய் எண்ணிப் பாருங்கள். சந்தேகத்தில் செய்வதாக நினைக்காமலிருக்க, எண்ணுவோம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு வவுச்சரில் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகையையும் (2,500 ரூபா போல) ஐந்து வரித் தாளில் எழுதுங்கள்.

பிழைப்பது பெரும்பாலும் திருட்டால் அல்ல. சங்கக் காசும் சொந்தக் காசும் ஒரே பேர்சுக்குள் இருப்பது முதற் காரணம். தனிப் பெட்டியோ சிப் வைத்த சிறு பையோ வாங்கிக் கொடுங்கள். அடுத்தது ஓட்டோக் கூலி, சந்தை மரக்கறி, கூலியாள் சம்பளம் போன்ற, பற்றுச்சீட்டு வராத செலவுகள். அவற்றுக்குக் காசு பெற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பத்தோடு வவுச்சரே போதும் என்று சபை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் புதியவர் பொய்ச் சிட்டை எழுதப் பழகுவார், அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது நீங்களாகத்தான் இருப்பீர்கள். மூன்றாவது, திகதியில்லாத பில். கடையை விட்டு இறங்கமுன் திகதி பார்க்கப் பழக்குங்கள்.

பொறுப்பு யாருடையது என்றால், சங்கத்துக்கு முன்னால் பொருளாளருடையதுதான். புதியவர் பொருளாளருக்குக் கணக்குக் காட்டுகிறார், பொருளாளர் சபைக்குக் காட்டுகிறார்.

6. வங்கிக் கையொப்பத்தில புது ஆளைப் போடலாமோ?

சில்லறைக் காசை ஆறு மாதம் ஒழுங்காக நடத்தியவரைப் போடலாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மூன்று கையொப்பக்காரர், அதில் எவரேனும் இருவர் என்று வைத்தால் ஒருவர் வெளிநாடு போனாலும் கணக்கு முடங்காது. மாற்றம் செய்ய, தீர்மானம் பதியப்பட்ட கூட்டறிக்கையின் பிரதியை வங்கி கேட்கும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் இல்லாத தீர்மானத்தோடு போனால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையொப்பமிட்டு வைக்கும் பழக்கத்தை அன்றே நிறுத்துங்கள். "தலைவர் கொழும்புக்குப் போறார், இரண்டு செக் சைன் பண்ணி வைச்சிட்டுப் போறார்" என்பது எங்கும் நடக்கிறது. புதியவர் பொறுப்பைப் பற்றிப் படிக்கும் முதற் பாடம் அதுவாகிவிடும்.

7. கூட்டறிக்கை எழுதுறதைப் பழக்கிறதில என்ன லாபம்? அது எழுத்து வேலை தானே?

சங்கம் எப்படி முடிவெடுக்கிறது என்பதைப் படிக்க அதைவிடக் குறுகிய வழி இல்லை. எழுதுகிறவர் ஒவ்வொரு விடயத்திலும் "அப்ப முடிவு என்ன?" என்று கேட்டே ஆக வேண்டும். ஒரு மணித்தியாலம் கதைத்தவர்கள் அந்தக் கேள்வியில்தான் தாங்கள் எதையும் முடிவு செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார்கள்.

பேச்சு முழுவதையும் எழுத விடாதீர்கள். திகதி, இடம், தொடங்கிய நேரம், வந்தவர்கள், நிறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) இருந்ததா. அதன் பிறகு ஒவ்வொரு முடிவுக்கும் என்ன, யார், எப்போது. 48 மணித்தியாலத்துக்குள் அந்த "என்ன, யார், எப்போது" பகுதியைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். மூன்று கூட்டத்துக்கு ஒருவர் எழுதட்டும், பிறகு அடுத்தவர் கைக்கு மாறட்டும். செயலாளர் இதில் தன் பதவி போவதாக நினைக்கலாம். அவர் சரிபார்த்து ஒப்பமிடுகிறவராகத் தொடர்கிறார் என்பதைச் சபையில் சொல்லி வையுங்கள்.

8. பெரியாக்கள் இருக்கேக்க இளம் ஆக்கள் வாய் திறக்கினம் இல்லை. என்ன செய்யிறது?

கூட்டத்தின் கடைசியில் "தம்பி, நீர் ஏதும் சொல்லுறீரோ?" என்று கேட்பதால் பயனில்லை. அதற்குள் ஓய்வுபெற்ற அதிபர் முடிவைச் சொல்லியிருப்பார். அதிபரிடம் படித்த பிள்ளை அவருக்குப் பின்னால் எழுந்து வேறு கருத்துச் சொல்லாது, அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஒழுங்கைத் திருப்பிப் போடுங்கள். நிகழ்ச்சிநிரலில் ஒரு விடயத்தைப் புதியவரின் பெயரில் போட்டு, அவர் முதலில் ஐந்து நிமிடம் பேச, தலைவர் கடைசியாகப் பேசட்டும். கருத்துக் கேட்க வேண்டிய இடத்தில் சிறு தாள் கொடுத்து எழுதி வாங்கி, பெயரில்லாமல் வாசியுங்கள். இரண்டு கூட்டத்தில் மாற்றம் தெரியும். பெரியவர்களிடம் முன்னாலேயே தனியாகச் சொல்லிவிடுங்கள். சபையில் வைத்துச் சொன்னால் அவமதித்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

9. பெண்பிள்ளையளைச் செயலாளராப் போடுறம். தலைவராப் போட்டால் ஊர் கதைக்குமே?

கதைக்கும். மாதர் சங்கங்களில் பெண்கள் வருடக்கணக்காகச் சுழற்சிக் கடனும் வங்கியும் கூட்டமும் நடத்துகிறார்கள், அதே பெண்கள் சனசமூக நிலையத்துக்குள் வந்தால் கோலம் போடுகிறார்கள். ஆற்றல் இருக்கிறதா என்ற கேள்வியே இங்கு எழவில்லை.

தடைகள் சின்னவை, திருத்தக்கூடியவை. இரவு ஏழு மணிக் கூட்டத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு மாற்றுங்கள், ஆறுக்குள் முடியுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போக ஓட்டோச் செலவைச் சங்கமே கொடுக்கட்டும். தனியே அனுப்ப வீட்டில் யோசித்தால் இரண்டு பெண்களுக்குச் சேர்த்து ஒரு பொறுப்பைக் கொடுங்கள். வீட்டாரிடம் தலைவரே ஒருமுறை போய்க் கதைப்பது கௌரவமும், பலனும் தரும். "ஆலோசனைக்கு" என்று ஓர் ஆணைப் பக்கத்தில் இருத்தி, முடிவுகளை அவர் வாயால் வரவிடுவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட ஒழுங்கு.

10. கந்தோருகளுக்குக் கூட்டிக்கொண்டு போறதோ, தனிய விடுறதோ?

மூன்று தடவையில் முடியுங்கள். முதல் தடவை நீங்கள் பேச அவர் பார்க்கட்டும். இரண்டாவது தடவை அவர் பேச, நீங்கள் பக்கத்துக் கதிரையில் வாயை மூடிக்கொண்டு இருங்கள். மூன்றாவது தடவை தனியே. கிராம அலுவலர், அபிவிருத்தி உத்தியோகத்தர், பிரதேச சபைச் செயலாளர் ஆகியோருக்கு முதலிலேயே "இனி இவர்தான் இந்த விடயம் பார்ப்பார்" என்று அறிமுகம் செய்யுங்கள். இல்லாவிட்டால் "தலைவரை வரச் சொல்லுங்கோ" என்று திருப்பி அனுப்புவார்கள்.

கடிதம் கொடுத்தால் பிரதியில் கிடைத்த திகதியும் முத்திரையும் வாங்கப் பழக்குங்கள். இன்னும் நல்ல பயிற்சி வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லுங்கள், உதாரணமாக உங்கள் வீதி விளக்குகளுக்கு ஒதுக்கிய தொகை பற்றி. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். தெளிவாகக் கேட்பது, திகதி குறிப்பது, தொடர்ந்து விசாரிப்பது மூன்றும் ஒரே வேலைக்குள் வந்துவிடும். அதே சட்டம், அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசு, சர்வதேச அமைப்பிடமிருந்தோ பெருமளவு நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரசசார்பற்ற நிறுவனங்களையும், அந்தச் சேவையளவில், கட்டுப்படுத்துகிறது. விண்ணப்பம் எழுதும் பிள்ளை ஒருநாள் உங்களிடமும் கேட்கும். கேட்கட்டும்.

11. சும்மா வேலை வாங்கலாமோ? ஏதும் குடுக்க வேணுமோ?

கைக்காசு செலவாக விடக்கூடாது. அது முதல் விதி. பஸ், ஓட்டோ, போன் டேற்றா, மத்தியானச் சாப்பாடு எல்லாம் சங்கத்தின் செலவு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கேட்காது, வசதியில்லாத பிள்ளை கேட்க வெட்கப்பட்டு நின்றுவிடும். அப்படியே நாளடைவில் உங்கள் பொறுப்பாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வருவார்கள்.

மாதாமாதம் ஒரே தொகை, குறித்த நேரம், குறித்த வேலை என்று ஆகிவிட்டால் அவரைத் தொண்டர் என்று அழைப்பதால் அவர் தொண்டர் ஆகமாட்டார். நியமனக் கடிதம் கொடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதம், ஊழியர் 8 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் 3 வீதம். 40,000 ரூபாச் சம்பளத்துக்கு நிறுவனம் 4,800 உம் 1,200 உம் கட்ட, ஊழியரிடமிருந்து 3,200 கழியும். சிறிய தர்ம நிறுவனங்களுக்குச் சேமலாப நிதியில் விலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

12. பழக்கி முடியக் கனடாவுக்கோ கொழும்புக்கோ போயிடுவினம். பிறகேன் கஷ்டப்படுவான்?

போவார்கள். பல்கலைக்கழகம், அரச நியமனம், கலியாணம், வெளிநாடு, நாலில் ஒன்று இரண்டு வருடத்துக்குள் வரும் என்று கணக்கிட்டே திட்டமிடுங்கள். ஒரே நேரத்தில் ஒருவரைப் பழக்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று பேர், வேறு வேறு வயதில். பரீட்சைக்குப் போகும் பிள்ளையும், ஊரைவிட்டு அசையாத தாயும் சேர்ந்த சோடி நல்லாய் ஓடும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோவை இருக்க வேண்டும். சிரமதானக் கோவை என்றால் கருவிப் பட்டியல், தொடர்பு இலக்கங்கள், போன முறைச் செலவு, "அடுத்த முறை இப்படிச் செய்யாதீங்கோ" என்ற ஒரு பக்கம். அந்தக் கடைசிப் பக்கத்தை வேலை முடிந்த மூன்று நாளுக்குள் எழுதி வாங்குங்கள், பிறகு யாரும் எழுதமாட்டார்கள். மின்னஞ்சல், முகநூல், கூகிள் ட்ரைவ் கடவுச்சொற்கள் தனி ஆளின் போன் இலக்கத்தில் கட்டப்பட்டிருந்தால் ஆள் விமானம் ஏறும்போது அதுவும் ஏறிவிடும். சங்கத்துக்கென்று ஒரு சிம் எடுங்கள்.

13. காசு அனுப்புற வெளிநாட்டு ஆக்கள் பழைய தலைவரோட மட்டும்தான் கதைப்பினம். புது ஆளை நம்பினம் இல்லை.

அவர்கள் நம்புவது ஆளை. ஊரில் அவர்களுக்குத் தெரிந்த கடைசி ஆள் அவர்தான். மாதம் ஒரு பக்க அறிக்கையைப் புதியவர் எழுதி, முதல் மூன்று மாதம் தலைவரின் பெயரோடு தன் பெயரையும் போட்டு அனுப்பட்டும். வந்த தொகை, செலவான தொகை, மிச்சம், இரண்டு படம். அதற்கு மேல் வேண்டாம். நாலாம் மாதம் அவருடைய பெயரில் மட்டும் போகட்டும்.

குழு அழைப்பை ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வைத்தால் கோடை காலத்தில் லண்டனில் பின்னேரம் மூன்றரை, ரொறன்ரோவில் காலை பத்தரை. எல்லோருக்கும் விழித்திருக்கும் நேரம். தலைவர் அறிமுகம் செய்துவிட்டு அழைப்பிலிருந்து விலக வேண்டும். அவர் இருக்கும்வரை கேள்வி எல்லாம் அவருக்கே போகும்.

14. தலைவர் 20 வருசமா இருக்கிறார். நல்ல மனிசன். போகச் சொல்லவும் ஏலாது, வைச்சிருக்கவும் ஏலாது.

அவரைப் பிரச்சினை ஆக்காதீர்கள். இடம்பெயர்வுக் காலத்தில் ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சங்கத்தைக் காப்பாற்றியவர்கள் பலர் இப்படியான தலைவர்கள்தான். அவர் தலையில் மட்டும் இருப்பதைத் தாளுக்கு இறக்குவது முதல் வேலை: காணி உறுதி எங்கே, பதிவுச் சான்றிதழ் எங்கே, வைப்புப் பணம் எந்த வங்கியில் எப்போது முதிர்கிறது, யாரோடு என்ன வாய்ப் பேச்சு, எந்தக் கடன் யார் தர வேண்டும். புதியவர் கேட்டு எழுதட்டும். இந்த உரையாடலிலேயே பாதிக் கைமாற்றம் நடந்துவிடும்.

பிறகு யாப்பு, அதாவது சங்கத்தின் எழுதிய விதிகள். ஒருவர் ஒரே பதவியைத் தொடர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் வகிக்கக்கூடாது என்ற திருத்தத்தை, இப்போதைய சபைக்கு அல்ல, அடுத்த பொதுக்கூட்டத்திலிருந்து நடைமுறைக்கு வருவதாகக் கொண்டுவாருங்கள். அப்போது அது யாரையும் குறிவைத்ததாக இருக்காது. திருத்தத்துக்கு யாப்பு கேட்கும் முன்னறிவித்தல் நாட்களையும் வாக்கு வீதத்தையும் முதலில் வாசியுங்கள். அதைத் தவறவிட்டுத் தீர்மானம் செல்லாது போன சங்கங்கள் உண்டு. அவரைப் போசகராக்கலாம், ஆனால் போசகருக்கு வாக்கும் கையொப்பமும் இல்லை என்பதை எழுதுங்கள். புதிய நிர்வாக சபை விபரத்தை, பதிவு செய்த இடத்துக்கு, சனசமூக நிலையமென்றால் உள்ளூராட்சி சபைக்கு, கிராம அபிவிருத்திச் சங்கமென்றால் பிரதேச செயலகத்தினூடாக, உடனே அறிவியுங்கள்.

"சின்னப் பெடியளிட்ட சங்கத்தைக் குடுக்கிறதோ?" என்று யாரும் கேட்டால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸை நினைவூட்டலாம். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கியபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹன்டி பேரின்பநாயகம் இருபதுகளில் இருந்தவர். 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்ததும் அந்த இளைஞர்களின் அழைப்பில். அவர்கள் முன்னின்று நடத்திய 1931 அரசாங்க சபைத் தேர்தல் பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்று இன்றும் வாதாடலாம். பெரிய முடிவு எடுக்கத் தெரியாதவர்கள் என்று மட்டும் சொல்ல முடியாது.

15. ஊரில ஒரு பகுதி ஆக்கள் பதவிக்கு வந்ததே இல்லை. அதைக் கதைச்சால் சண்டை வருமே?

சாதியைத்தான் கேட்கிறீர்கள். சபையில் அறிவித்துத் தொடங்கினால் சண்டைதான் வரும். கடந்த பத்து வருட நிர்வாக சபைப் பெயர்களை எழுதி, பக்கத்தில் ஒவ்வொருவரின் குறிச்சியையும் எழுதுங்கள். இரண்டு குறிச்சிக்குள் எல்லாப் பெயரும் அடங்கினால் விடயம் தாளிலேயே தெரியும்.

அங்கத்துவப் படிவம் ஒருவரின் வீட்டு அலுமாரியில் இருக்கும்வரை யாப்பில் "பிரிவில் வசிக்கும் எவரும்" என்றிருந்து பயனில்லை. படிவத்தை வாசிகசாலையில் எல்லோரும் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள், நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று தீர்மானியுங்கள், கூட்டத்தை மற்றக் குறிச்சிகளிலும் மாறி மாறி வையுங்கள். ஐந்து வரித் தாளோடு கொடுக்கும் வேலை (4ஆம் பதில்) இங்கேயும் அதேதான். துப்புரவு வேலையை மட்டும் அந்தக் குறிச்சிக்குக் கொடுத்துவிட்டு "சேர்த்துக்கொண்டோம்" என்று சொல்லாதீர்கள்.

16. தேர்தல் வந்தால் கட்சிக்காரர் எங்கட ஆக்களை இழுக்கினம். விடுறதோ?

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் என்ற ஏற்பாடு 2018 தேர்தலிலிருந்து நடைமுறையில் இருப்பதால், கட்சிகள் பெண் வேட்பாளர்களை மாதர் சங்கங்களில்தான் தேடுகின்றன. அது குறையல்ல. வேட்புமனுவில் கையொப்பமிடும் நாளில் சங்கப் பதவியிலிருந்தும் வங்கிக் கையொப்பத்திலிருந்தும் விலக வேண்டும், மண்டபமும் வட்ஸ்அப் குழுவும் பிரசாரத்துக்கு இல்லை என்று யாப்பில் இருந்தால் போதும். தோற்றாலும் வென்றாலும் சாதாரண அங்கத்தவராகத் திரும்பி வரலாம்.

17. நம்பிக் குடுத்த வேலையைப் பாழாக்கிப்போட்டார். இனி என்ன?

முதலில் ஐந்து வரித் தாளை எடுத்துப் பாருங்கள். பாதி வேளைகளில் திகதியோ தொகையோ அதில் இருக்காது, பிழை உங்களுடையது. இருந்தால், மூன்று நாளுக்குள் இருபது நிமிடம் தனியாக இருந்து கேளுங்கள்: என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, எந்த நாளில் இது பிழைக்கப்போகிறது என்று உமக்குத் தெரிந்தது? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் "இரண்டாம் கிழமையே தெரியும், சொல்லப் பயம்" என்று பதில் வரும். அடுத்த வேலையில் இரண்டாம் கிழமையில் ஒரு சந்திப்பைத் தாளிலேயே போடுங்கள். தெரியாமல் பிழைத்தவருக்கு அதே அளவு வேலை இன்னொன்று கொடுங்கள், சிறியது வேண்டாம். கணக்கைத் தெரிந்தே மறைத்தவரென்றால் பேச்சில்லை. காசைத் திருப்பி வாங்கி, சபையில் பதிந்து, காசுப் பொறுப்பிலிருந்து அவரை எடுங்கள்.

18. ஆள் தயார் எண்டு எப்பிடி அறியிறது?

தலைவரும் செயலாளரும் ஒரு மாதம் ஒதுங்கிப் பாருங்கள். மாதக் கூட்டம் குறித்த நாளில் நடந்து, கூட்டறிக்கை 48 மணித்தியாலத்தில் வந்து, சில்லறைக் காசு 15,000 சரியாக இருந்து, உங்களுக்கு மூன்று தடவைக்கு மேல் போன் வராவிட்டால் அடுத்த பொதுக்கூட்டத்தில் பெயரை முன்மொழியலாம். ஒரு போனும் வராவிட்டால் நேரில் போய்ப் பாருங்கள். ஒன்றில் எல்லாம் நன்றாக ஓடுகிறது, அல்லது ஒன்றும் ஓடவில்லை.